நான்கு மூலையும் கறுத்த கார்டு

குடிபாலா
2.6.2024

மச்சான் நரசிம்மனுக்கு, கன்னையா எழுதுவது.

எந்தக் கன்னையா என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்கா செல்லியம்மாவின் வீட்டுக்காரர் என் அண்ணன். அவர் போய் நாற்பது வருஷம் ஆகிவிட்டது. உங்கள் அக்கா கல்யாணத்தன்று உங்களோடு சேர்ந்து பந்தல்காலுக்குக் குழி தோண்டியவன் நான்.

இது என் கையெழுத்து. யாரும் எழுதித் தரவில்லை. எழுபத்தொரு வயதில், போன தை மாதம் வரை எனக்குக் கைநாட்டுதான். காலனியில் செல்வி என்கிற பெண் சாயங்காலத்தில் பெரியவர்களுக்குப் பாடம் எடுக்கிறாள். புத்தகம் தெலுங்கில் இருக்கிறது. வீட்டில் பேசுகிற பாஷையும் வேண்டும் என்று அடம் பிடித்தேன். அதையும் சொல்லிக்கொடுத்தாள். உள்ளே தமிழ், உறை மேல் விலாசம் தெலுங்கு, இரண்டும் நான் எழுதியதுதான். போன வாரம் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ்ஸின் பலகையைப் படித்தேன். ஏறாமல் நின்று அடுத்த பஸ்ஸின் பலகையையும் படித்தேன். மூன்றாவது பஸ்ஸில்தான் ஊருக்கு வந்தேன். என் ஆயுசில் எழுதும் முதல் கடிதம் இது. நேற்று காலையில் ஆரம்பித்தேன்.

சந்தோஷத்தை எழுதிவிட்டேன். இனி விஷயம். அண்ணிக்கு முடியவில்லை. நெஞ்சில் நீர் கட்டிக்கொண்டது. வேலூரில் பார்த்துவிட்டு வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். மூச்சு விடுவதே பெரிய வேலையாக இருக்கிறது. குளிர் படக்கூடாது என்று ஃபேனைக்கூட நிறுத்தி வைத்திருக்கிறோம்.

நீங்கள் அவரைப் பார்த்து முப்பத்தாறு வருஷம். காலனி இருக்கிற இந்தச் சரிவில் முள் வெட்டி முதலில் நின்றவர் அவர்தான். கூலிக்குப் போய்க்கொண்டிருந்த முப்பத்திரண்டு குடும்பத்துக்கு அவர் நின்று பட்டா வாங்கிக் கொடுத்தார். கிணறு, மாந்தோப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. சித்தூர் ஆபீசுகளில் அவரைப் பார்த்தால் நாற்காலி போடுவார்கள்.

அவர் போகும் நாளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். காலனியில் எந்தப் பெண் செத்தாலும், பிறந்த வீட்டுக் கோடி வந்ததா என்று முதலில் கேட்பவர் அண்ணி. அந்தப் புதுச்சேலை மேலே விழாமல் எடுக்க விட மாட்டார். ஒருமுறை ஆம்பூர்க்காரர்கள் வருவதற்காகச் சாயங்காலம் வரை எல்லோரையும் உட்கார வைத்தார். அவரையே கோடி இல்லாமல் எடுப்பதா? பிறந்த வீடு என்று அவருக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் நம்பர் இங்கே யாரிடமும் இல்லை. விலாசத்தை உங்கள் ஊர் வெங்கடசாமி புத்தூர் சந்தையில் சொன்னார். வருவீர்களா என்று ஒரு வரி எழுதுங்கள்.

கன்னையா


திருப்பதி
7.6.2024

கன்னையாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்துக் கற்றுக்கொண்டது நல்லது.

நான் ஆர்.டி.சி.யில் டிரைவராக இருந்து ரிடையர் ஆகிப் பத்து வருஷம் ஆகிறது. சித்தூர் வழியாக எத்தனையோ முறை வேலூர் போய் வந்திருக்கிறேன். குடிபாலாவில் பஸ் நிற்கும். நான் கண்ணாடிக்கு வெளியே பார்க்க மாட்டேன்.

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் அம்மா ஐப்பசி அடைமழையில் செத்தாள். நாராயணவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரி உடைந்து பாதை போய்விட்டது. ஆள் அனுப்ப வழியில்லாமல் அடக்கம் செய்தோம். பதினாறாம் நாள் காரியத்துக்காவது மகள் வரட்டும் என்று, தண்ணீர் வடிந்த மறுநாளே நான் கடிதம் எழுதினேன். நான்கு மூலையிலும் கறுப்புத் தடவி என் கையால் தபாலில் போட்டேன். அவள் வரவில்லை. பெற்ற மகள் இல்லாமல் காரியம் நடந்தது. ஊரில் ஒவ்வொருவருக்கும் நான் பதில் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து வந்தாள். தெருவில் நின்றுகொண்டு, சேதி ஏன் சொல்லவில்லை என்றாள். கடிதம் போட்டேன் என்றேன். ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "போடாத லெட்டர போட்டன்னு சொல்றியே, பொய்யா, அம்மா சாவுலகூட பொய்யா?"

அந்த வார்த்தையோடு நான் முப்பத்தாறு வருஷம் இருந்துவிட்டேன். அதை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். நான் வருகிறேன். இல்லாவிட்டால் கோடி கடையில் கிடைக்கும், அவள் மகனை வாங்கிக்கொள்ளச் சொல்.

நரசிம்மன்


குடிபாலா
11.6.2024

மச்சானுக்கு,

எனக்கு வந்த முதல் கடிதம் உங்களுடையது. தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது செல்வி கைதட்டினாள். உள்ளே இருந்ததைப் படித்த பிறகு யாருக்கும் காட்டாமல் மடித்து வைத்துக்கொண்டேன்.

அந்த வார்த்தையை அண்ணி எப்படித் திரும்ப எடுப்பார்? அவருக்கு அது பொய்யில்லையே. கடிதம் வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்த உண்மை. இந்த நிலைமையில் அவரிடம் பழசைக் கிளறினால் மூச்சு என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. அந்தக் கார்டு வழியில் எங்காவது தொலைந்திருக்கும். மழைக்காலம். நீங்கள் பெரிய மனசு வைத்து இதை விட்டுவிடக் கூடாதா?

முனிசாமி, அதுதான் உங்கள் அக்கா மகன், மாங்கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். சீசன் என்பதால் லீவு கிடைக்காமல் ஓடி ஓடி வருகிறான். சித்தூரிலேயே நல்ல சேலையாக வாங்கி வைத்துவிடலாம் என்றான். பக்கத்து வீட்டு செங்கம்மா உடனே சொல்லிவிட்டாள், அது கோடி இல்லை, வெறும் சேலை என்று. அவனுக்குக் கோபம். உள்ளே படுத்திருந்த அண்ணிக்கு இது கேட்டுவிட்டது. எனக்கு யார் கோடியும் வேண்டாம், நீங்கள் முப்பத்திரண்டு வீடும்தான் எனக்குப் பிறந்த வீடு என்றார். கேட்டவர்கள் அழுதார்கள். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. திருப்பதி பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று காலையில் அவர் என்னைக் கேட்டிருந்தார். ஏன் என்றதற்கு, சும்மா என்றார்.

நேற்றிலிருந்து கால் வீக்கம் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. உங்களுக்கு நான் இன்னொன்றும் எழுத வேண்டும். இந்தக் கடிதத்தில் முடியவில்லை.

கன்னையா


திருப்பதி
14.6.2024

கன்னையாவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

கடிதம் போட்டேன் என்றுதான் நான் எழுதினேன். அன்றைக்குத் தெருவில் அவளிடம் சொன்னதும் கடிதம் என்றுதான். மழையில் போஸ்ட் ஆபீசில் உள்நாட்டுக் கடிதத்தாள் கிடைக்காததால் கார்டில் எழுதினேன். அது என் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.

நீ கார்டு என்று எழுதியிருக்கிறாய்.

உனக்கு யார் சொன்னது?

நரசிம்மன்


குடிபாலா
17.6.2024

மச்சானுக்கு,

யாரும் சொல்லவில்லை. நான் பார்த்தேன். என் கையில்தான் வந்தது.

இதை எழுத இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

கார்டு வந்ததற்கு மறுநாள் நிலம் அளக்க சர்வேயர் வருவதாக இருந்தது. எட்டு மாதம் ஆபீஸ் ஆபீசாக நடந்து அண்ணி வாங்கிய நாள் அது. அவர் முன்னால் நின்று சங்கிலி பிடித்து, நாலு பக்கமும் கல் நட்டு, முப்பத்திரண்டு பேருக்காகவும் முதல் கைநாட்டு வைக்க வேண்டும். எங்களுக்கு நிலம் கிடைக்கக் கூடாது என்று நினைத்தவர்கள் ஏதாவது சாக்கு கிடைக்காதா என்று காத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் ரோட்டில் தபால்காரர் என்னிடம் கார்டைக் கொடுத்து, அண்ணியிடம் தரச் சொன்னார். நான்கு மூலையும் கறுப்பு.

எழுத்துத் தெரியாதவனுக்கும் அந்தக் கறுப்பு தெரியும். செத்தது யார் என்பது மட்டும் தெரியாது. படிக்கச் சொல்லி யாரிடமும் காட்டவும் முடியாது. காட்டினால் தீட்டு. தீட்டுக்காரி முதல் கல் நடக் கூடாது என்று எங்கள் பெண்களே சொல்லியிருப்பார்கள். அண்ணியே ஒதுங்கியிருப்பார். ஒருநாள் தள்ளினால் அந்தச் சர்வேயர் மறுபடி வருவாரா? தூரத்துச் சொந்தம் யாராவது இருக்கும் என்று நினைத்தேன். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. கார்டைக் கூரை ஓலையில் செருகினேன்.

கல் நட்டு முடிக்க மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் கார்டைக் கையில் எடுத்தேன். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்? சாவுக் கடிதத்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, படித்ததும் கிழித்துவிட வேண்டும் என்பது வழக்கம். நான் படிக்காமலே கிழித்தேன். கால்வாயில் விட்டேன்.

உங்கள் ஊரிலிருந்து திரும்பி வந்து அண்ணி மண்ணில் விழுந்து அழுத அன்றுதான், செத்தது யார் என்று எனக்குத் தெரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பின்னால் ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. அண்ணி எந்த வேலையானாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார். கன்னையா இருந்தால் பயமில்லை என்பார்.

செல்வி முதல் நாள் போர்டில் எழுதிய வார்த்தை அம்மா. எல்லோரும் சத்தமாகப் படித்தார்கள். நானும் படித்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு, அந்தக் கார்டில் இந்த வார்த்தை எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று யோசித்தேன். எழுதக் கற்றுக்கொண்டதும் முதல் கடிதம் உங்களுக்குத்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆனால் முதல் கடிதத்தில் பஸ் பலகையைப் பற்றி எழுதினேன்.

நீங்கள் பொய்யர் இல்லை. அதை அண்ணியிடம் நான்தான் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் தாங்குவாரா, சொல்லாமல் விட்டால் நீங்கள் வருவீர்களா, இரண்டும் மாறி மாறி வருகிறது. நாளையோ மறுநாளோ சொல்லிவிடுவேன்.

கன்னையா


திருப்பதி
20.6.2024

கன்னையாவுக்கு,

இந்தக் கடிதம் கிடைத்ததும், அவளிடம் இன்னும் சொல்லியிருக்காவிட்டால், சொல்லாதே.

உனக்காகச் சொல்லவில்லை. உன் மேல் இருக்கிற கோபத்தை இந்தத் தாளில் எழுத முடியாது. அவளுக்கு மூச்சு நிற்கிற நேரத்தில் நீ பாவத்தை இறக்கிவைக்க அவள் சுமைதாங்கிக் கல் இல்லை. நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். சொல்லாமல் விட்டாலும் விடுவேன். அது அக்கா தம்பி விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நான் வருகிறேன் என்று மட்டும் அவளிடம் சொல்.

என் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். முனிசாமியிடம் கொடு. நீ கூப்பிடாதே.

நரசிம்மன்


குடிபாலா
20.6.2024

மச்சானுக்கு,

சொல்லிவிட்டேன். நேற்று காலை கஞ்சி குடித்துவிட்டுச் சாய்ந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. முனிசாமியும் செல்வியும் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன்.

கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"நாலு மூலயும் கறுப்பா?"

ஆமாம் என்றேன்.

தூங்கிவிட்டார் என்று நினைத்தோம். பிறகு கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். செல்வி ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"எங்க அம்மா சாவு சேதி இப்பதாண்டி எனக்கு வந்துகினு கீது. தலைக்குத் தண்ணி ஊத்துங்க."

சாவுச் சேதி எத்தனை நாள் கழித்துக் காதில் விழுந்தாலும் தலைக்குக் குளிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷம் கழித்தும் அவர் விடவில்லை. முனிசாமி காலைப் பிடித்துக் கெஞ்சினான், வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிடுகிறோம் என்றான். "துடைக்கறதுக்கு நான் என்ன பாத்திரமா? பெத்தவளுக்கு ஒரு சொம்பு ஊத்திக்கக்கூட முடியாம பண்ணிட்டீங்களே" என்றார். கடைசியில் நாற்காலியில் உட்காரவைத்துப் பெண்கள் வெந்நீர் ஊற்றினார்கள். வெளியில் நின்றபடி நான் ஒவ்வொரு சொம்பையும் கேட்டேன். ஏழு.

ஈரத் தலையோடு, வீட்டுக்கு ஓர் ஆளைக் கூட்டிவரச் சொன்னார். வந்தவர்கள் வாசல் கொள்ளாமல் நின்றார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"என் தம்பி நரசிம்மன் பொய்யன் இல்ல. தெருவுல வெச்சு சொன்னேன். தெருவுக்குக் கேக்கற மாரி திருப்பிச் சொல்றேன். பொய்யன் இல்ல."

நீங்கள் கேட்டது இதைத்தான். முப்பத்திரண்டு வீடும் சாட்சி.

பிறகு என்னைப் பார்த்தார். "இந்த பூமிக்காகத்தான் பண்ண, எனக்குத் தெரியுது. ஆனா என்னத் தூக்கும்போது நீ தோள் குடுக்காத" என்றார். அதோடு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பின் என்னோடு பேசவில்லை.

இன்று காலையிலிருந்து உடம்பு கொதிக்கிறது. நான் செய்தது இரண்டாவது தப்பாகிவிடுமோ என்று அவர் வாசலை விட்டு நகராமல் மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். மச்சான், இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் புறப்படுங்கள்.

கன்னையா


திருப்பதி
26.6.2024

கன்னையாவுக்கு,

அடக்கம் முடிந்து திங்கட்கிழமை திரும்பி வந்தபோது உன் இருபதாம் தேதிக் கடிதம் கதவுக்குக் கீழே கிடந்தது. செருப்பைக் கழற்றாமலே படித்தேன். முனிசாமி அங்கேயே எல்லாம் சொல்லியிருந்தான். ஆனாலும் அவள் சொன்ன வார்த்தையை எழுத்தில் பார்ப்பது வேறு.

நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உன் முதல் கடிதம் வந்த மறுநாளே நாராயணவனம் போய், எங்கள் ஊர் நெசவாளி வீட்டில் சிவப்புச் சேலை வாங்கிவிட்டேன். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உனக்கு அந்தப் பதிலை எழுதினேன். வாங்கும்போது அது கோடி. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, உயிரோடு இருக்கிறவளைப் பார்க்கப் போகிறேன், இது அக்காவுக்குத் தம்பி தருகிற சீர் என்று மனதில் மாற்றிக்கொண்டேன். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது முனிசாமி போன் செய்தான். மறுபடியும் கோடி ஆகிவிட்டது.

திருப்பதியிலிருந்து உங்கள் வாசலுக்கு மூன்று மணி நேரம்தான் ஆகிறது. ஏழாம் தேதி அந்தப் பதிலை எழுதுவதற்குப் பதில் பஸ் ஏறியிருக்கலாம். இதற்கு உன்னைக் குறை சொல்ல முடியாது என்பதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது.

நான் வருவதாக எழுதிய கடிதத்தைச் சனிக்கிழமை செல்வி படித்துக் காட்டினாளாம். அக்கா இரண்டு முறை படிக்கச் சொன்னாளாம். பிறகு தலையை வாரிவிடச் சொன்னாளாம்.

அத்தனை ஜனத்தை நான் எந்தச் சாவிலும் பார்த்ததில்லை. சித்தூரிலிருந்து வந்த ஆபீசர்கள் வெயிலில் நின்றார்கள். நான் சேலையைப் பிரித்துப் போட்டதும் செங்கம்மா என்கிற அந்த அம்மாள், பிறந்த வீடு வந்துவிட்டது, இனி எடுக்கலாம் என்றாள். அப்போதுதான் முனிசாமி என் காதோடு கேட்டான், சித்தப்பாவைத் தோள் கொடுக்கச் சொல்லலாமா, பிறந்த வீட்டார் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள் என்று. நீ தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாய். அவள் சொன்னதை மாற்ற எனக்கு உரிமை இல்லை என்றேன். அவள் நட்ட கல்லைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். நீ ஊர்வலத்துக்குப் பின்னால், எல்லோருக்கும் கடைசியில் வந்துகொண்டிருந்தாய்.

உன்னை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதை எழுதிவிடுகிறேன், பின்னால் குழப்பம் வேண்டாம்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனில் சொல்வதாக முனிசாமி சொன்னான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கார்டு வர வேண்டும். அதை நீதான் எழுத வேண்டும். வராவிட்டால் நான் வர மாட்டேன்.

நரசிம்மன்


குடிபாலா
30.6.2024

மச்சான் நரசிம்மனுக்கு,

என் அண்ணி, உங்கள் அக்கா செல்லியம்மா இந்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை காலமானார். பதினாறாம் நாள் காரியம் ஜூலை எட்டு, திங்கட்கிழமை, குடிபாலாவில் அவர் நிலத்தில். பிறந்த வீட்டார் வந்து நடத்திக் கொடுக்க வேண்டும்.

கார்டில் இடம் குறைவு. சித்தூரில் இரண்டு கார்டு வாங்கினேன். ஒன்றில் தப்பு வந்துவிட்டது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து நான்கு மூலையிலும் நானே தடவினேன். முழுக்கப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

இதைச் சித்தூர் பெரிய தபால் ஆபீசில் போடப்போகிறேன். தபால்காரர் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு போகும்வரை அங்கேயே நிற்பேன். கிடைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.

கன்னையா